மடிப்பக்காவும் பதினாலாம் பெட்டியும்

அரசு அச்சகத்தின் பைண்டிங் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். ஐம்பத்து மூன்று வயதில் முப்பத்தொரு வருடம் ஒரே பெஞ்சில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்து தாள் மடித்தவள். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வரிப் படிவம், பாடப்புத்தகம் என்று அந்த நாட்டு அரசாங்கம் யாருக்கு எதைக் கொடுத்தாலும், அது ஒரு தடவையாவது அவள் கட்டைவிரலுக்கு அடியில் போய்த்தான் வந்திருக்கும்.

மடிக்கிற மெஷின் ஒன்றும் வாங்கினார்கள், இல்லாமல் இல்லை. மூன்று மாதம் ஓடியது, நாலாவது மாதம் தாளைத் தின்ன ஆரம்பித்தது. இப்போது அதன் தலையில் டீ டம்ளர்களைக் கவிழ்த்து வைக்கிறார்கள்.

அவள் கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட் கொடுத்தால் நாலாக மடித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்தால் டாக்டர் அறைக்குள் போவதற்குள் எட்டாக மடித்திருப்பாள். டாக்டர் அதைப் பிரித்துப் பிரித்து அலுத்து, "இதுல மருந்து எழுதறதா, கப்பல் விடறதா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். எதிரே தாள் என்று ஒன்று இருந்தால் போதும், மனசு எங்கே இருந்தாலும் கை அதன் வேலையைப் பார்க்கும். கண் தெரியாமல் போனாலும் இவளுக்குப் பென்ஷன் தேவையில்லை என்று கூடத்தில் கிண்டல் செய்வார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாதது ஒரு பெரிய தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும். அம்மா போனபோது தம்பிக்கு நாலு வயது, இவளுக்கு இருபது. அப்பா என்கிற மனிதர் அதற்கும் முன்பே வேறு ஊர், வேறு குடும்பம் என்று கம்பி நீட்டிவிட்டார். பையனுக்குச் சாப்பாடு போட வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார வேண்டும். இதில் தியாகம் பண்ண நேரம் எங்கே இருந்தது? அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள்களைக் கொண்டுவந்து, அவற்றின் பின்பக்கத்தில்தான் அவனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தாள். பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரு வால் போட்டு, அந்த வாலைச் சுழித்து மேலே தூக்கி எழுதுவான். "இது என்னடா பட்டம் விடற மாதிரி?" என்று இவள் எவ்வளவு திட்டியும் அந்த வால் போகவில்லை. முப்பத்தேழு வயதில், குடிநீர் வாரிய அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்த பிறகும் போகவில்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் இவளும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே அடுப்பில் சண்டை இல்லாமல் சமைத்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டுதான் சமைத்தார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

அந்த வருடம் புதிய அரசியல் சட்டம் வந்தது.

நாட்டுக்கு அது எப்படி வந்ததோ, மடிப்பக்காவுக்கு ஃபாரம் ஃபாரமாக வந்தது. பதினாறு பக்கம் ஒரு பெரிய தாளில் அச்சாகும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். மூன்றாவது ஃபாரம் இவள் பங்கு. நாற்பதாயிரம் பிரதி மடித்தாள். மடித்து முடித்த ஃபாரத்தில் மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், நடுவில் இருக்கிற பதினாலும் உள்ளே போய்விடும். ஆக, அரசியல் சட்டத்தில் மடிப்பக்காவுக்கு முப்பத்து மூன்றாம் பக்கமும் நாற்பத்தெட்டாம் பக்கமும் தண்ணீர் பட்ட பாடு. மற்றதெல்லாம் இருட்டு.

முப்பத்து மூன்றாம் பக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, அது ரகசியம், அதைக் கேட்கவோ கெடுக்கவோ எவருக்கும் அதிகாரம் இல்லை என்று போட்டிருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரிதான் தொல்லை கொடுத்தது. 'அவசரநிலை அறிவிக்கப்படுமானால் அரசுத் தலைவர்' என்பதோடு பக்கம் முடிந்துவிட்டது. தலைவர் என்ன செய்வார்? நாலாவது ஃபாரம் மடித்த கண்ணாடியம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"என் பக்கம் 'மேற்படி உரிமைகள் அனைத்தையும்'னு ஆரம்பிக்குது," என்றாள் கண்ணாடியம்மா.

"அனைத்தையும்?"

"அதுக்கு மேல பார்க்கலைக்கா. எனக்கு அன்னைக்கு ரெண்டாயிரம் பாக்கி இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அந்தச் சட்டத்தின்படி முதல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தெருவில் முதலில் கலகலப்பாகத்தான் இருந்தது. ஏணிச் சின்னக்காரர்கள் பாட்டுப் போட்டார்கள், கடிகாரச் சின்னக்காரர்கள் அதைவிடச் சத்தமாகப் போட்டார்கள். கடிகாரம் ஏற்கெனவே ஆட்சியில் இருந்த கூட்டம். பத்து நாள் கழித்து ஏணிக்காரர்களின் ஒலிபெருக்கி வண்டி குளத்தோரம் எரிந்து கிடந்தது. அதன் பிறகு ஒரு பாட்டுத்தான் கேட்டது. வண்டி எண் இல்லாத ஜீப் ஒன்று காலையும் மாலையும் தெருவில் மெதுவாகப் போய்வர ஆரம்பித்தது. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, செய்யவில்லை. போனது, வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அது வருகிற நேரத்துக்கு அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அச்சகத்தில் வாக்குச் சீட்டு அச்சானது. கெட்டுப்போன தாளுக்கு ஈடாக எப்போதும் கொஞ்சம் கூடுதலாக அடிப்பார்கள், மிஞ்சியதை எரித்துவிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தத் தடவை மிஞ்சியது மலை மாதிரி இருந்தது. எரிக்கவில்லை. ஒரு மத்தியான வேளையில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஃபோர்மன் கூடத்துக்கு வந்து, "யாரும் எதையும் பார்க்கலை, சரியா?" என்றார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. மடிப்பக்காவும்தான். அவளைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. பசித்த வீட்டைத் தாங்கிய முதுகு அவ்வளவு சுலபத்தில் நிமிராது.

தம்பிக்கு வாக்குச்சாவடி அதிகாரியாக வேலை போட்டார்கள். பதினாலாம் எண் சாவடி, ஊருக்கு வெளியே பழைய கிடங்குக் கட்டடம். காலையில் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போனான். சாயங்காலம் வந்தவன் வேறு ஆள். செருப்பைக் கழற்றாமல் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பாடு வைத்தார்கள், பிசைந்தான், எழுந்துவிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்று மடிப்பக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லைக்கா. தலைவலி."

"யாராவது ஏதாவது..."

"அக்கா, விடு."

அவன் குழந்தையில் ஏதாவது உடைத்துவிட்டு வந்தாலும் இப்படித்தான், உடைத்ததைச் சொல்ல மாட்டான், சுவரைப் பார்ப்பான். சாவடியில் என்னவோ நடந்திருக்கிறது, இவன் அதற்குத் தலையாட்டியிருக்கிறான், அந்த வெட்கம்தான் இது என்று மடிப்பக்கா தானாகவே முடிவு கட்டிவிட்டாள். வளர்த்தவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம் அது. பிள்ளையைத் தங்களைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாக்கு எண்ணிக்கைக்கு அச்சகத்திலிருந்து பன்னிரண்டு பேருக்கு உத்தரவு வந்தது. வேகமான கை வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். மடிப்பக்கா பெயரும் அதில் இருந்தது. மறுத்தால் வேலை நீக்கம் என்று கடைசி வரியில் அழகாக அச்சடித்திருந்தது. எண்ணிக்கை நாளன்று விடிந்ததும் அவள் கிளம்பியபோது தம்பி வாசலுக்கு வந்தான்.

"எந்த ஹால் அக்கா?"

"கேட்ல சீட்டுக் குலுக்கித்தான் மேசை தருவாங்களாம். உனக்கு ஏன் முகம் இப்படி இருக்கு? நான் என்ன சண்டைக்கா போறேன்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தெருமுனையில் ஜீப் திரும்பியது. "பார்த்துப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

எண்ணும் இடம் நகராட்சியின் விளையாட்டரங்கம். நடுவில் நாற்பது மேசை, சுற்றிலும் கம்பி வலை, வலைக்கு அப்பால் கட்சி ஏஜெண்டுகள். வெளியே துப்பாக்கியோடு நின்றவர்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். இவளுக்குக் கிடைத்தது ஒன்பதாம் மேசை. கூட எண்ணுவதற்கு ஒரு தபால்காரர், மேசைக்குத் தலைவராக ஒரு அதிகாரி. அதிகாரி ஒல்லியாக, மடிப்புக் கலையாத சட்டையோடு, மெதுவாகப் பேசுகிற மனிதர். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் மடிப்பக்காவுக்கு எப்போதுமே ஒரு பயம்.

வேலை இதுதான். பெட்டியைத் திறந்து கொட்ட வேண்டும். வாக்காளர்கள் சீட்டில் முத்திரை குத்தி, மை ஒட்டாமல் இரண்டாக மடித்து, பிறகு குறுக்கே ஒரு தடவை மடித்துப் போட்டிருப்பார்கள். பெட்டியின் வாய் அவ்வளவு சின்னது, மடிக்காத தாள் அதில் நுழையாது. அந்தச் சீட்டுகளைப் பிரித்து, நீவி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, சின்னம் வாரியாகத் தட்டில் அடுக்க வேண்டும். முதல் இரண்டு பெட்டி ஒழுங்காக ஓடியது. ஏணியும் கடிகாரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. தபால்காரர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சீட்டையும் முகவரி தேடுவது போலப் பார்த்து வைத்தார்.

மூன்றாவது பெட்டி வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. அதிகாரி அரக்கு முத்திரையை உடைத்து, மூடியைத் திறந்து, பெட்டியைச் சாய்த்தார்.

அதிலிருந்து சீட்டுகள் கொட்டவில்லை, ஒரு கட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. நானூறு தாளுக்குக் குறையாது, ஒன்றின் மேல் ஒன்றாக, வெட்டிய விளிம்பு வெட்டியபடியே, அச்சகத்து மேசையில் இருந்து எடுத்து வைத்த மாதிரி வந்து மடிப்பக்காவின் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால்தான் மடித்த சீட்டுகள் கொஞ்சம் உதிர்ந்தன.

அந்த நேரம் பார்த்து வலைக்கு அப்பால் ஏதோ கூச்சல். ஏணி ஏஜெண்டு ஒருவரை இரண்டு பேர் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மடிப்பக்காவும் பார்த்தாள். அந்த மனிதரின் ஒரு செருப்பு வலையோரம் கிடந்தது. யாரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் மனசெல்லாம் அந்தச் செருப்பில் இருந்தது.

கை அதன் வேலையைப் பார்த்தது.

"அக்கா," என்றார் தபால்காரர். "என்ன பண்றீங்க? பிரிக்கணும். நீங்க மடிச்சிட்டு இருக்கீங்க."

குனிந்து பார்த்தாள். கட்டைத் தட்டிச் சீராக்கி, மேல் தாள்களை விசிறி, இருபது தாளுக்கு மேல் மடித்து இடது பக்கம் அடுக்கியிருந்தாள். இரண்டாக ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, நகத்தால் ஒரு நீவல். எல்லாத் தாளிலும் கடிகாரத்தின் மேல் முத்திரை. எல்லா முத்திரையும் ஒரே சாய்வு.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மடிப்பே படாத தாள் எந்த வாக்காளர் கையிலிருந்தும் பெட்டிக்குள் போயிருக்க முடியாது. மூடியைத் திறந்து யாரோ வைத்திருக்கிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். சாவடி எண் பதினாலு. அதன் கீழே சாவடி அதிகாரியின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் சுழித்து மேலே போயிருந்தது.

இந்தக் கட்டு வெளியே தெரிந்தால் முதலில் யார் கழுத்துக்குக் கயிறு? கையெழுத்துப் போட்டவன் கழுத்துக்குத்தான்.

அதிகாரியும் கட்டைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "முட்டாப் பசங்க," என்று பல்லுக்குள் சொன்னார். பிறகு இவள் இடது பக்கம் மடித்து வைத்திருந்த இருபது தாளைப் பார்த்தார். பிறகு இவள் கையைப் பார்த்தார்.

"தபால்காரரே, காலையிலேர்ந்து நீங்க எழுந்திருக்கவே இல்லை. போய் டீ சாப்பிட்டு வாங்க. அவசரமில்லை."

தபால்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். இத்தனை வருடம் வீடு வீடாகப் போனவர், எந்த வாசலில் நிற்கக்கூடாது என்று தெரிந்தவர். எழுந்து போய்விட்டார்.

அதிகாரி காலிப் பெட்டியைத் தூக்கி, வலைக்கும் இவளுக்கும் நடுவில் மறைப்பாக வைத்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார், மெதுவாக.

"சார், நான் தெரியாம..."

"நல்லாத்தானே மடிச்சீங்க. நிறுத்தாதீங்க." நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலையில லிஸ்டைப் பார்த்தேன். உங்க விலாசமும் பதினாலாம் சாவடி அதிகாரி விலாசமும் ஒண்ணு. தம்பியா?"

அவள் பெட்டியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

"நல்ல பையன்னு சொன்னாங்க. அவன் நல்லா இருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தானே?"

மடிப்பக்கா மடித்தாள்.

முதல் ஐந்தாறு தாள் மடித்தபோதே இது சரிவராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே ஓரம், ஒரே நீவல். பார்த்த மாத்திரத்தில் ஒரே கை என்று தெரிந்துவிடும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தாளைக்கூடக் கோணலாக மடிக்காதவள் அன்றைக்குக் கோணலாக மடிக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக. ஆகவே அவள் ஆட்களை நினைத்துக்கொண்டாள். இது கை நடுங்குகிற கிழவர், ஓரம் சேரவில்லை. இது அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஓடிவந்தவள், ஒரே அழுத்து, அவ்வளவுதான். இது பயந்தாங்கொள்ளி, மூன்று தடவை மடிக்கிறான். இது முதல்தடவை வாக்குப் போடுகிற பெண், காதல் கடிதம் மாதிரி மடிக்கிறாள். இப்படி நானூறு பேரை அந்த மேசையில் உட்கார்ந்து அவள் பெற்றுப் போட்டாள். அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை, ஒருவரும் பதினாலாம் சாவடிக்கு வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மடிப்பதும் பிரிப்பதும் ஒரே கையசைவுதான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மடித்ததை அதிகாரி வாங்கிப் பிரித்து, மற்றச் சீட்டுகளோடு கலந்து கலந்து போட்டார். கட்டைவிரல் எரிந்தது. தம்பி, தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மடித்தாள். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியில் கை வைத்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கடைசித் தாளை மடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஏணிக் கட்சியின் தலைமை ஏஜெண்டு வலைக்கு உள்ளே வர அனுமதி வாங்கிக்கொண்டு நேராக ஒன்பதாம் மேசைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வேர்த்திருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

"பதினாலாம் பெட்டிச் சீட்டை நான் பார்க்கணும். ஒவ்வொண்ணா. அதுல மடிப்பே விழாத சீட்டு நானூறு இருக்கு. எண்ணிக்கையை நிறுத்தச் சொல்றேன்."

"தாராளமாப் பாருங்க சார்," என்றார் அதிகாரி. "உங்க உரிமை. புதுச் சட்டத்துலயே இருக்கு."

வாத்தியார் எடுத்தார், பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். நூறு சீட்டாவது பார்த்திருப்பார். எல்லாவற்றிலும் மடிப்பு இருந்தது, கோணலும் நேருமாக, விதவிதமாக. அவர் கண்ணில் இருந்த உறுதி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை மடிப்பக்கா பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவருக்காக மனசு கஷ்டப்பட்டது. ஆனால் அதற்கு அடியில், வெட்கமில்லாமல், ஒரு நிம்மதியும் இருந்தது. தம்பி தப்பித்தான்.

"மடிப்பில்லாத சீட்டு நானூறு," என்றார் அதிகாரி. "எண்ணிக்கைகூடச் சரியாச் சொல்றீங்களே. யார் சார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை."

"அப்படியா?" என்றார் அதிகாரி. வாத்தியார் படிவத்தில் 'ஆட்சேபம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அரங்கத்தின் மூலைக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பேசினார். மடிப்பக்கா அதைப் பார்த்தாள். அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஆறு மணிக்கு விட்டார்கள். கடிகாரம் ஜெயித்திருந்தது. தெருவில் வெடிச் சத்தம் கேட்டது, ஆனால் வெடித்தவர்களைத் தவிர வேறு ஆளில்லை. கடைகள் பாதி ஷட்டரோடு இருந்தன. வீட்டுக்கு வந்தபோது தம்பி பெண்டாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவர் உங்களோட வரலையா அண்ணி?"

"என்னோடவா? எங்கே போனான்?"

"நாலு மணிக்கு ஜீப்புல வந்தாங்க. எண்ணிக்கை நடக்கற இடத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சாம், போட்டதும் கொண்டாந்து விட்டுடறோம்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க அண்ணி. செருப்புப் போட்டுக்கச் சொன்னாங்க."

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குடிநீர் வாரியத்தில், அவன் விடுப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறது என்றார்கள். யார் எழுதியது என்று கேட்டால் மேலே பார்த்தார்கள். காவல் நிலையத்தில், அப்படி ஒரு ஜீப்பே ஊரில் கிடையாது என்றார்கள். அதைச் சொன்ன ஆள் சொல்லும்போதே, அந்த ஜீப் நிலையத்து வாசலைத் தாண்டிப் போனது. அவரும் பார்த்தார், இவளும் பார்த்தாள். "போங்கம்மா," என்றார் அவர், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி.

அவள் தலை வேலை செய்யவில்லை. காரியம்தான் கச்சிதமாக முடிந்துவிட்டதே? பெட்டி சரி, கணக்குச் சரி, ஆட்சேபம் இல்லை. பிறகு அவனை ஏன் தொட வேண்டும்?

மூன்றாம் நாள் காலை வாத்தியார் வீட்டைத் தேடிப் போனாள். அரசாங்க ஆட்களிடம் கேட்டு அலுத்துப்போய், எதிர்க்கட்சிக்காரராவது ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுப்பார் என்று போனாள். சின்ன வீடு, சுவர் முழுக்கப் புத்தகம். அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்து, உடனே உள்ளே வரச் சொன்னார். எண்ணும் மேசையில் பார்த்த முகம் அவருக்கு நினைவில்லை. பதினாலாம் சாவடி அதிகாரியின் அக்கா என்று சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கொண்டு போயிட்டாங்களா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

வாத்தியார் சொன்னார்: "எண்ணிக்கைக்கு முந்தின நாள் இங்கே வந்தான்மா. சோப்பு வாங்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்ததாச் சொன்னான். சாவடி மூடற நேரத்துல நாலு பேர் வந்து, துப்பாக்கியை மேசை மேல வச்சுட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்காங்க. கையோட கொண்டாந்த சீட்டை மடிச்சுப் போடச் சொல்லி இவன்கிட்டக் குடுத்திருக்காங்க. இவன், 'நேரமாயிடுச்சு, அப்படியே வச்சுடலாம், யார் பார்க்கப் போறா'ன்னு சொல்லி, மடிக்காமலே வச்சிருக்கான். வேணும்னேதான் வச்சிருக்கான். மடிக்காத தாள் மேசையில விழுந்தா, இது களவுன்னு சொல்ல வேற சாட்சியே வேண்டாம். 'நீங்க அதைப் பிடிச்சுட்டீங்கன்னா நான் வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன், அதுக்கப்புறம் என்னைத் தொட மாட்டாங்க, நாடே பார்க்கும்'னான்."

மடிப்பக்கா முந்தானை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"வீட்ல சொல்லலையான்னு கேட்டேன். 'அக்காவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்க, ஆனா இந்த யோசனை வந்ததே அவங்களாலதான், சின்ன வயசுலேர்ந்து அவங்க மடிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான்'னு சிரிச்சான்." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "நான் போய்ப் பார்த்தேன்மா. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். எல்லாம் மடிச்சுத்தான் இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல கோபம்தான் வந்தது. பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டான், இல்லேன்னா என்னை மாட்டிவிடப் பார்த்தான்னு நினைச்சேன். இப்பவும் எனக்குப் புரியலை. அவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. மடிப்பக்கா தன் கையைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் இன்னும் சிவந்திருந்தது.

"அவன் பொய் சொல்லலை சார்," என்றாள். "மடிக்காமத்தான் வச்சிருந்தான். என் மேசைக்குத்தான் வந்துச்சு. மடிச்சது நான்."

வாத்தியாருக்கு முதலில் காதில் ஏறவில்லை போலிருந்தது. அவள் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "அவனைக் காப்பாத்தறதா நினைச்சு நான்தான் மடிச்சேன், நானூறையும். எழுதிக்கோங்க சார். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அவர் எழுதவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, கொக்கியைப் போட்டார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"வரும்போது உங்க பின்னாடி யாராவது வந்தாங்களா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.